ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஏ.எல்.எல். என்று டாக்டர்கள் சொல்லும் வகை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள், மருந்து நிறுத்திப் பல வருடம் ஆகிறது. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம், புதிதாக வந்த அம்மாக்களும் அப்பாக்களும் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்வார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இது நிஜமாகவே குணமாகுமா?

ஆகும். எல்லாக் குழந்தைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குணமாகக்கூடிய நோய் இது. குழந்தைப் புற்றுநோய்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால், வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள் என்றும், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அங்கேயும் இங்கேயும் நோய் ஒன்றுதான். தாமதமாகக் கண்டுபிடிப்பது, நடுவில் மருந்தை நிறுத்திவிடுவது, காய்ச்சல் வந்தும் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பது, இவற்றால்தான் பல பிள்ளைகளை இழக்கிறோம். இதில் கடைசி இரண்டும் ஓரளவு நம் கையில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்னையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சை தூரத்தில் இல்லை. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் அரசுச் செலவில் பார்க்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தங்கள் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற பிடிவாதத்தோடு வளர்ந்த இடம் அது. அந்தப் பெயரைக் கேட்டாலே பயந்து, வேறு எங்கெங்கோ அலைந்து நாளைக் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சிகிச்சை எவ்வளவு காலம்?

இரண்டு, இரண்டரை வருடம். சிலருக்கு மூன்று வருடம் வரை போகும். முதல் சில மாதங்கள்தான் கடுமை: ஊசி, முதுகில் ஊசி, ரத்தம் ஏற்றுவது, கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறுமா என்று தினமும் காத்திருப்பது. அப்புறம் மெயின்டனன்ஸ். குழந்தை வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிடும், ஓடி ஆடும், பார்ப்பவர்களுக்கு நோயாளி மாதிரியே தெரியாது. "நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்க ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான். முதல் மாதக் கடைசியிலேயே நோய் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடலாம். அடங்கியது வேறு, அழிந்தது வேறு. ஒளிந்திருக்கும் மிச்சத்தைத் தீர்க்கத்தான் அத்தனை மாத மாத்திரையும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள். மெர்காப்டோப்யூரின் தினமும். இரண்டும் இடம் மாறி, வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்று முடிவுசெய்து, தினசரி காலண்டரின் வெள்ளித் தாள்களில் மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தோம். கொடுத்ததும் தாளைக் கிழிப்பது மகளின் வேலை. மாத்திரை கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரே வைத்துக்கொள்வது நல்லது.

காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டுமா? காலை வரை பார்க்கலாமா?

ஓட வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரியாக இருந்தாலும் கிளம்புங்கள். கீமோவில், அதாவது புற்றுநோய் மருந்தில், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும்போது கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதனால் போனதுமே "கீமோ குழந்தை, காய்ச்சல்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு வரிசையில் நிற்காதீர்கள்.

வார்டைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். சூடு குறைந்த மாதிரி தெரியும், உள்ளே கிருமி வேலை செய்துகொண்டிருக்கும். தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஊசி போடவும் விடாதீர்கள். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைந்திருந்தால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிவிடும். நாங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பை மாட்டியிருந்தோம். ஃபைல், தெர்மாமீட்டர், மாற்றுத் துணி, கொஞ்சம் பணம், போன் சார்ஜர். ராத்திரி இரண்டு மணிக்கு எதையும் தேட வேண்டியதில்லை.

அம்மை போட்ட குழந்தையோடு உங்கள் பிள்ளை விளையாடியது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

செலவுக்கு என்ன செய்வது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஒரு கவுன்டர் இருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு ரயில் சலுகை உண்டு. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும்போது, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சான்றிதழைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் குழந்தைக்குக் கட்டணமே இல்லை, கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் குறைப்பார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வரும் பலருக்கு இது தெரிவதே இல்லை.

மருந்துச் செலவை அரசு ஏற்றுக்கொண்டாலும், வேலைக்குப் போக முடியாமல் போகும் கூலி, ஆட்டோ, வெளியில் வாங்கும் சாப்பாடு, இதெல்லாம்தான் குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது. வார்டில் சமூகப் பணியாளர் இருந்தால் வெட்கப்படாமல் நிலைமையைச் சொல்லுங்கள். இலவசமாகத் தங்க இடமும் உணவும் தரும் தொண்டு நிறுவனங்களை அவர்கள்தான் கைகாட்டுவார்கள். பணமில்லாமல் சிகிச்சையை நிறுத்தும் நிலை வந்தால், நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வழி இருக்கும்.

நாட்டு மருந்து சேர்த்துக் கொடுக்கலாமா?

கீமோ நடக்கும்போது கூடாது. மருந்தோடு மோதும், கல்லீரலைக் கெடுக்கும். எந்தக் கஷாயத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதைக் கேட்பவர்களுக்கு நான் இரண்டு விஷயம் சொல்வேன். நம் வீட்டுக் காம்பவுண்டு ஓரத்தில் ரோஸ் நிறத்தில் பூத்துக் கிடக்கும் நித்யகல்யாணி இருக்கிறதே, வின்கிறிஸ்டின் என்கிற கீமோ மருந்து அந்தச் செடியிலிருந்து எடுப்பதுதான். அதற்காக இலையைக் கொதிக்க வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதில் மருந்து மிக மிகக் கொஞ்சம், மற்ற விஷம் நிறைய. ஏராளமான இலையிலிருந்து துளியூண்டு பிரித்தெடுத்து, குழந்தையின் உடல் பரப்பளவுக்குக் கணக்குப் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள்.

இன்னொன்று, எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, இதே ஊரில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுத்தவர். பிறகு அமெரிக்கா போனார். அங்கே அவர் வழிநடத்திய ஆய்வுக் கூடத்தில் உருவான அமினாப்டெரின் என்ற மருந்தைத்தான் டாக்டர் சிட்னி ஃபார்பர் பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை வாரக்கணக்கில் இறந்துகொண்டிருந்த குழந்தைகளில் சிலர் எழுந்து நடமாடினார்கள். அந்த முடிவு 1948-இல் வெளிவந்தது. அந்த வருடமே சுப்பாராவ் காலமானார். என் மகள் வெள்ளிக்கிழமைதோறும் விழுங்கிய மெத்தோட்ரெக்சேட் அதே மருந்துக் குடும்பம். கீமோ என்றால் எங்கோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்த விஷம் என்று பயப்படும் தாத்தா பாட்டிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அத்தை அதன் பிறகுதான் மாத்திரை டப்பாவைத் தன் கையால் தொட்டார்.

குழந்தையிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். வயதுக்குத் தக்கபடி, பொய் கலக்காமல். "ஊசி வலிக்காது" என்று சொல்லிக் கூட்டிப்போனால் அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பாது. நாங்கள் "வலிக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும், அம்மா கையைப் பிடிச்சுக்கோ" என்றோம். உடம்பில் சில அணுக்கள் கெட்டுப்போய் அதிகமாகிவிட்டன, மருந்து அதைத் துரத்துகிறது, நீ எதுவும் தப்பு செய்யவில்லை. நாலு வயதுக்கு இது போதும். கடைசி வரியை அடிக்கடி சொல்ல வேண்டும். தான் அடம்பிடித்ததால்தான் இப்படி ஆயிற்று என்று குழந்தைகள் மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

குழந்தைக்கு என்ன புரிந்திருக்கிறது என்று பார்க்க அதன் விளையாட்டைக் கவனியுங்கள். என் மகள் கரடி பொம்மையைக் குப்புறப் போட்டு, முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, "வளைஞ்சு படு, மூச்சு விடு, அவ்ளோதான், குட் கேர்ள்" என்பாள். முதுகு ஊசி போடும்போது வார்டு சிஸ்டர் சொல்வது அப்படியே, அதே குரலில்.

பத்து வயதுக்கு மேல் நோயின் பெயரையே சொல்லிவிடலாம். மறைத்து வைத்தால் மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் போனில் தேடித் தானே கண்டுபிடிக்கும். தனியாகக் கண்டுபிடித்துத் தனியாகப் பயப்படுவதைவிட, உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்பது எவ்வளவோ மேல்.

வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளை?

பெரியவனைத்தான் நாங்கள் பாட்டி வீட்டில் விட்டோம். எல்லோரும் தங்கையைப் பற்றியே கேட்க, ஒருநாள் "எனக்கும் காய்ச்சல்" என்று போர்த்திக்கொண்டு படுத்தான். உடம்பில் சூடே இல்லை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் மட்டும் என்று வைத்தோம். பீச்சுக்குப் போவார்கள், சுண்டல் தின்பார்கள், ஆஸ்பத்திரி பேச்சே கிடையாது. அவனுக்கும் நோயைப் பற்றிச் சொல்லுங்கள். ஒட்டுகிற நோய் இல்லை, அவனால் வந்ததும் இல்லை என்று தெரிய வேண்டும்.

முடி திரும்ப முளைக்குமா?

முளைக்கும்.

மருந்து நிறுத்திய பிறகு ஏன் பயம் அதிகமாகிறது?

எல்லோரும் ஸ்வீட் கொடுத்து வாழ்த்தும் நேரத்தில் ராத்திரி தூக்கம் வராது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, நான் பேசிய அநேகமாக எல்லா அம்மாவும் இதையே சொன்னார்கள். சிகிச்சை நடக்கும்வரை தினமும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். வாரா வாரம் ரத்தம் பார்த்தார்கள், வார்டில் யாராவது போனை எடுத்தார்கள். திடீரென்று "மாசம் ஒரு தடவை வந்தா போதும்" என்கிறார்கள். தாங்கிப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

நான் பாவாடையைத் தூக்கிக் காலில் நீலத் தழும்பு தேடுவேன். குளிப்பாட்டும்போது கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுவேன். ஒரு நாள் அவளே, "அம்மா, இது பெஞ்சுல இடிச்சுக்கிட்டது, விடு" என்றாள். அவள் சாதாரணக் குழந்தையாகத் திரும்பிவிட்டாள், நான் இன்னும் வார்டிலேயே இருந்தேன். ஆஸ்பத்திரியிலேயே மனநல ஆலோசகரிடம் பேசினேன். அழுதேன், தூக்கம் பற்றிச் சொன்னேன், கணவரையும் ஒரு முறை கூட்டிப்போனேன். அவர் அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். குழந்தை பிழைத்துவிட்டதே, இனி எனக்கென்ன கவலை என்று தள்ளிப் போடாதீர்கள். பயத்துக்கும் வைத்தியம் உண்டு.

மறுபடி வருமா?

சிலருக்கு வருகிறது. திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் சிகிச்சையின்போதோ, முடிந்த முதல் சில வருடங்களிலோதான். வருடம் கூடக் கூட வாய்ப்பு நன்றாகக் குறையும். மருந்து நிறுத்தி ஐந்து வருடம் தாண்டிய பிறகு திரும்புவது அபூர்வம். வந்தாலும் அதோடு முடிந்தது என்று இல்லை. மறுபடி கீமோ, எலும்பு மஜ்ஜை மாற்று என்று அடுத்த வழிகள் இருக்கின்றன.

வெளிறிப்போவது, காரணமில்லாத தழும்புகள், நாள்கணக்கில் விடாத காய்ச்சல், கால் எலும்பு வலிக்கிறது என்று நடக்க மறுப்பது, விடாத தலைவலியோடு வாந்தி, ஆண் குழந்தைக்கு விதைப்பையில் வலியில்லாத வீக்கம். இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். மற்றபடி மழைக்காலச் சளி சளிதான்.

எங்கள் பக்கத்துப் படுக்கைக் குழந்தை இறந்துவிட்டது. எங்களுக்கு எப்படிச் சந்தோஷப்படுவது?

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. எங்கள் வார்டில் ஒரு பையன் இருந்தான். ஸ்டிரைக்கர் இல்லாததால் பாட்டில் மூடியை வைத்து என் மகளுக்கு கேரம் சொல்லிக் கொடுத்தவன். அதே நோய், அதே மருந்து, அதே டாக்டர். அவன் போய்விட்டான். அவன் அம்மா எதிலும் குறை வைக்கவில்லை. நான் அவரைவிட எதுவும் அதிகமாகச் செய்துவிடவும் இல்லை. "நாங்க நல்லா கவனிச்சோம், அதான் பிழைச்சுது" என்று யாராவது பெருமையாகப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன்.

இன்றைக்கும் அவருக்குப் போன் செய்கிறேன். ஆரம்பத்தில் தயங்கினேன், என் குரல் அவரைக் குத்துமோ என்று. அவரே சொன்னார்: "நீயும் பேசலன்னா அவன் பேரைச் சொல்ல யாருமே இல்ல." அவன் பிறந்தநாளுக்குக் கட்டாயம் பேசுவேன். அவன் பெயரைச் சொல்லித்தான் பேசுவோம்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

மெயின்டனன்ஸில், கவுண்ட் நன்றாக இருந்தால், டாக்டர் சரி என்றதும் அனுப்பலாம். போவதற்கு முன் வகுப்பாசிரியரைப் பார்த்து மூன்றே விஷயம் சொல்லுங்கள்: காய்ச்சல் அடித்தால் உடனே போன், வகுப்பில் யாருக்காவது அம்மை வந்தால் உடனே போன், இது ஒட்டாது. கூடப் படிக்கும் பிள்ளைகள் முதல் நாள் கேள்வி கேட்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் "பாவம்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

கணக்கில் மெதுவாக இருப்பது, கவனம் சிதறுவது சில குழந்தைகளிடம் தெரியலாம். முதுகில் போடும் மருந்தும் தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் காரணமாக இருக்கலாம். சோம்பேறி என்று திட்டாமல் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனை செய்யுங்கள்.

விட்டுப்போன தடுப்பூசிகளை மருந்து நிறுத்திய பிறகு திரும்பப் போட வேண்டியிருக்கும். உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகளுக்குப் பொதுவாக ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள்.

குணமான பிறகும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமா?

வருடத்துக்கு ஒரு முறையாவது வாருங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்துகள் இதயத் தசையைப் பாதிக்கலாம், அது பல வருடம் கழித்துத் தெரியலாம். அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்டீராய்டால் இடுப்பு எலும்பு பாதிக்கப்படலாம். வின்கிறிஸ்டின் கால் நரம்பைத் தளர்த்தும். என் மகள் கொஞ்ச காலம் பாதத்தைத் தரையில் தட்டித் தட்டி நடந்தாள், பிசியோதெரபியில் சரியானது. உயரம், எடை, தைராய்டு, பல், பருவமடைதல் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

சிகிச்சை முடியும் அன்று டாக்டரிடம் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். நோயின் சரியான பெயர், கொடுத்த மருந்துகள், அந்தச் சிவப்பு மருந்தின் மொத்த அளவு, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எங்கே, எவ்வளவு, ஆரம்பித்த தேதி, முடித்த தேதி. லேமினேட் செய்யுங்கள், போட்டோ எடுத்து இரண்டு மூன்று பேர் போனில் வையுங்கள். சென்னையில் வெள்ளம் வந்து அலமாரியோடு ஃபைலை இழந்த குடும்பங்கள் உண்டு. பிள்ளை வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போய், முப்பது வயதில் மூச்சு வாங்குகிறது என்று ஒரு புது டாக்டரிடம் போனால், அந்த ஒரு தாள்தான் பேசும். என் மகளிடம் இப்போதே ஒரு நகல் இருக்கிறது. போன செக்கப்பில் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு அவளே பதில் சொன்னாள், நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெண் பிள்ளை. நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வந்தால்?

ஏ.எல்.எல். வந்து குணமான பலர் கல்யாணமாகிக் குழந்தை பெற்று நன்றாக இருக்கிறார்கள். வழக்கமான கீமோ மட்டும் என்றால் பெரும்பாலும் குழந்தைப் பேறுக்குத் தடையில்லை. மஜ்ஜை மாற்று, சில வகைக் கதிர்வீச்சு, அதிக அளவு சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து என்றால் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதும் இல்லை. கர்ப்பமானால் இதய டாக்டரையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "வெளியில சொல்லாதே, நாளைக்கு யார் கட்டிப்பா?" என்று என்னிடமும் சொன்னார்கள். தன் உடம்பைப் பற்றி யாரிடம் எப்போது சொல்வது என்பதை என் மகள் முடிவு செய்வாள். அவள் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு வந்திருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

ரத்தம் கொடுங்கள். குறிப்பாக பிளேட்லெட். ஐந்து நாளுக்கு மேல் அதைச் சேமித்து வைக்க முடியாது, அதனால் எப்போதும் தட்டுப்பாடுதான். யார் யார் எந்த குரூப், எந்த நாளில் வர முடியும் என்று ஒருவர் பட்டியல் எடுத்து வைத்தால் பெற்றோர் ராத்திரியில் நாற்பது பேருக்குப் போன் போட வேண்டியிருக்காது.

சளி, இருமல் இருந்தால் பார்க்கப் போகாதீர்கள். போனால், யார் செய்த பாவமோ என்று பேசாதீர்கள், உங்களுக்குத் தெரிந்த யாரோ இறந்த கதையையும் சொல்லாதீர்கள். பெரிய பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுங்கள். மின்சாரக் கட்டணம் கட்டுங்கள். கேட்டுக்கொண்டு நிற்காமல் "நாளைக்கு மதியம் சாப்பாடு நான் கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் சுடச்சுடச் சமைத்துக் கொண்டுபோங்கள். பச்சைக் காய்கறி, வெட்டி வைத்த பழம், வெளியில் வாங்கிய ஜூஸ், சட்னி வேண்டாம். ஸ்டீராய்டு ஓடும் வாரமா என்று கேட்டுக்கொண்டு அளவைக் கூட்டுங்கள். அந்த வாரம் குழந்தைக்கு அப்படிப் பசிக்கும். எங்கள் வீட்டில் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து வத்தக்குழம்பு சாதம் கேட்டாள், தட்டு காலியாகும் முன்பே அடுத்து என்ன என்றாள்.